அன்னதான மண்டபக் குடிநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் நம் கோயில் மண்டபத்துக்கான குடிநீர்ப் பணி முடிந்துவிட்டது. 50,000 லிட்டர் சம்ப் (தரையடித் தொட்டி), மணல் வடிகட்டி, மடப்பள்ளிக் குழாய்கள், மின் இணைப்பு எல்லாம் திட்டப்படி நிறைவேறின.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் மருந்து வைக்க இரண்டு அறை எதற்கு, செலவு ஏன் ஏறியது என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். கேட்டது நியாயம். பதில் இதோ.

டேங்கர் தண்ணீர் கலங்கலாக வரும் நாளில் தெளியவைக்கப் படிகாரக் கரைசல் விடுகிறோம். கிருமி நீக்க சோடியம் ஹைப்போகுளோரைட் (சுருக்கமாக ஹைப்போ) என்ற குளோரின் திரவம். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. ஹைப்போவில் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். உப்புப் படிவம் கழுவும் ஆசிட் விழுந்தால் இன்னும் வேகமாகக் கிளம்பும். ஒப்பந்ததாரரோ இரண்டு தொட்டிகளையும் ஒரே அறையில், கசிவைத் தேக்கும் ஒரே தடுப்புச் சுவருக்குள் வைத்துவிட்டு, "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்று சாதித்தார். இரண்டும் ஒரே மாதிரிக் கேனில் வருகின்றன. அவசரத்தில் ஒருவர் தொட்டி மாற்றி ஊற்றினால் போதும், பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். பில்லை நிறுத்தினோம். இப்போது தனி அறை, தொட்டிக் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கும் தனித்தனித் தடுப்புச் சுவர், வேறு வேறு அளவில் ஊற்றுவாய். கூடுதல் செலவில் பெரும்பகுதி இதுதான். இதைக் குறைத்திருக்க முடியாது, குறைத்திருக்கவும் கூடாது.

வாயுவை வெளியேற்றும் காற்றாடியை ஒப்பந்ததாரர் கூரையோரம் மாட்டியிருந்தார். குளோரின் காற்றைவிடச் சுமார் 2.5 மடங்கு கனம், தரையில்தான் தேங்கும். அதனால் தரைமட்டத்துக்கு இறக்கி, சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தோம். பித்தளை, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) உதிரிகளை ஹைப்போ அரித்துவிடும் என்பதால் யூ.பி.வி.சி. என்ற கடினப் பிளாஸ்டிக் போட்டோம். சாதாரண பால் வால்வும் (உள்ளே துளையுள்ள உருண்டையைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு) இங்கே ஆகாது. ஹைப்போ தானாகவே ஆக்சிஜன் விடும். மூடிய வால்வின் உருண்டைக்குள் அது அடைபட்டு, அழுத்தம் ஏறி, வால்வு வெடிக்கலாம். அந்த வாயு வெளியேற உருண்டையில் தனியாகச் சிறு துளையிட்ட வகையே வாங்கினோம்.

அளவு: சம்ப் நிறைய இருக்கும்போது லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 100 கிராம் குளோரின், அதாவது 10 சதவீத ஹைப்போ சுமார் 1 லிட்டர். அரை மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் சோதித்தால் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். ஹைப்போ வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். அதனால் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். கேனில் தேதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள். நீச்சல்குளக் குளோரின் மாத்திரை மலிவு என்று யாரும் கொண்டுவந்து வைக்காதீர்கள். ஹைப்போவோடு கலந்தால் வெடிக்கலாம்.

ஊற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் கட்டாயம். கண்ணில் தெறித்தால் வாசல் குழாயில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நெடி வந்தால் உள்ளே போகாமல், காற்று வரும் திசை நோக்கி எல்லோரையும் விலக்குங்கள். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது.

உபயம்: சம்ப், விளக்குப் பூஜை மகளிர் குழு. வடிகட்டி, பூக்கடைக்காரர்கள். இரண்டாம் அறை, மார்கழி பஜனைக் குழுவும் பெயர் வேண்டாம் என்ற மூன்று குடும்பங்களும். கண் கழுவும் குழாய், பள்ளி ஆசிரியர்கள். கையுறை, கண்ணாடி, காய்கறி வியாபாரிகள். மற்றவர் பெயர்கள் மண்டபப் பலகையில் உள்ளன. வரவு செலவும் ஒப்பந்ததாரருடன் நடந்த கடிதங்களும் அலுவலகத்தில் இருக்கின்றன; வந்து பாருங்கள்.

திருப்பணிக் குழு