பூந்தியும் ஐயாயிரம் ரூபாயும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கலா,

ஏட்டி, திட்டுவாய் என்று தெரியும். பொங்கலுக்கு நீ அனுப்பிய சேலைக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. சேலை நன்றாக இருக்கிறது, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது என் சாம்பாரில் கிடக்கிற முடியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். இவர் சௌக்கியம். கதிர்தான் சரியில்லை.

செவலை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி படம் அனுப்பினேனே, 'நம்ம வார்டன் மாதிரியே முழிக்குது' என்றாயே, பூந்தி. அது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, அடுத்த சனிக்கிழமை விடியற்காலை செத்துப்போனது. ஆறு ராத்திரி எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

சிப்பிப்பாறைக் குட்டிதான் வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். நாட்டு நாய்க்கு நோய் நொடி வராதாம். குட்டி நாய்களின் குடலைத் தாக்குகிற பார்வோ கிருமிக்கு நாட்டு நாயாவது சீமை நாயாவது! கோவில்பட்டி தாண்டி ஓர் ஊரில் ஒருத்தர் வளர்த்து விற்கிறார் என்று இவருடைய ஆபீஸில் யாரோ நம்பர் கொடுத்தார்கள். 38 நாள் குட்டி, 9,000 ரூபாய். பில் வேண்டுமென்றால் கூட ஆயிரம் ஆகும் என்றான். வேண்டாம் என்று சொன்னது நான். ஊசி போட்டாச்சு என்று ஓர் அட்டை கொடுத்தான். அதில் பேனாவால் எழுதிய ஒரு தேதி, அவ்வளவுதான். மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் கிடையாது, டாக்டர் கையெழுத்து கிடையாது. எல்.ஐ.சி. பத்திரத்தை மூன்று தடவை படிக்கிறவள் நான். அன்றைக்கு அட்டையை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய் ராத்திரி பால் குடிக்கவில்லை. புதன் காலையில் வாந்தி. மத்தியானம் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. அந்த வாடையை எழுத வராது கலா, இன்னும் என் மூக்கில் இருக்கிறது. டாக்டர் ஒரு சின்னப் பட்டையில் சோதித்துப் பார்த்து, இரண்டு கோடு விழுந்ததும் கதிரை வெளியே போகச் சொன்னார். அவன் போகவில்லை. முன்காலில் முடியை மழித்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தக் கால் என் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எண்ணினான் பிள்ளை. இந்த நோய்க்கென்று நேரடி மருந்து இங்கே கிடையாதாம். நீர்ச்சத்து குறையாமல், வேறு கிருமி தாக்காமல் பார்த்துக்கொள்ளலாம், மீதி அந்த உடம்பு போராடுவதுதான் என்றார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வாலை ஒரு தடவை ஆட்டியது. பிழைத்துவிட்டது என்று இவர் அல்வா வாங்கி வந்துவிட்டார். அந்தப் பொட்டலத்தை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

சரி, குட்டி விற்ற ஆளுக்குப் போன் செய்தேன். முதலில் 'ஐயோ அக்கா' என்றான். அப்புறம், 'உங்க வீட்டுக்கு வந்து பிடிச்சிருக்கும்' என்றான். கிருமி தொற்றி நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஏழு நாள், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் குட்டி இரண்டே நாளில் சாப்பாட்டை விட்டது. அப்படியென்றால் எங்கிருந்து கொண்டு வந்திருக்கும்? இதைக் கேட்டதும் பேச்சில்லை, போன் எடுப்பதும் நின்றது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது: 'அடுத்த ஈத்துல மாத்துக் குட்டி தர்றேன்க்கா, பணம் மட்டும் கேட்காதீங்க.' மிக்ஸி ஜார் மாற்றிக்கொடுக்கிற மாதிரி! இந்தக் கிருமி மண்ணில் ஒரு வருஷம்கூட இருக்குமாம். பினாயிலை நம்பக்கூடாது, பிளீச்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, நான் முற்றத்தைக் கழுவிக் கழுவித் துளசியே பட்டுப்போனது. இங்கே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து மறுபடியும் சொட்டு எண்ணவா?

மேரி அக்கா மருமகன் வக்கீல் இல்லையா, அவர் சொல்லித்தான் தெரிந்தது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. வளர்த்து விற்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டுமாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2 வருஷத்துக்குள் போனால் போதும், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை என்றார். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, இவரிடம்கூடச் சொல்லாமல், பஸ் ஏறினேன்.

சினிமா வில்லன் மாதிரி ஒருத்தனை எதிர்பார்த்துப் போனேன். லுங்கியில், நம்ம தம்பி வயசில், கண்ணெல்லாம் சிவந்து நின்றான். அந்த ஈத்தில் ஆறு குட்டியில் நாலு போய்விட்டது என்று அவனே சொன்னான். வாங்கினவர்கள் எல்லோரும் திட்டுகிறார்களாம். அவன் பெண்டாட்டி மோர் கொண்டுவந்து வைத்தாள். அதே கம்பிக் கூடு, அதே சிமெண்டுத் தரை, பினாயில் நாற்றம். உள்ளே வேறு ஒரு தாய், வேறு நாலு குட்டி. விதியெல்லாம் சொன்னேன். பேசாமல் உள்ளே போய் ஐயாயிரம் எண்ணிக்கொண்டு வந்தான். 'இதோட முடிச்சுக்கலாம்க்கா.' ஒரு நோட்டில், பேசித் தீர்த்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தான். வருகைப் பதிவேட்டில் போடுவது போலக் கையெழுத்துப் போட்டேன்.

இதுவரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரி என்று அத்தையே சொல்லிவிட்டார்கள், குறித்து வைத்துக்கொள். இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

நான் பையை மூடும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மதுரைக்காரர்கள். அப்பா, அம்மா, ஏழெட்டு வயசில் ஒரு பெண். அந்தப் பிள்ளை நேராகக் கூட்டுக்குப் போய் கம்பிக்குள் விரலை விட்டது. ஒரு குட்டி வந்து நக்கியது. அவன் என்னைப் பார்த்தான். மிரட்டவெல்லாம் இல்லை, பார்த்தான், அவ்வளவுதான். அவர்கள் விலை பேசுகிற நேரம் முழுக்க நான் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'ஊசி போட்டாச்சா?' என்று அந்த அம்மா கேட்டாள். அட்டையை நீட்டினான். அவளும் பிரிக்கவில்லை. ஒரு வார்த்தை, கலா. 'டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்குங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். ஹாஸ்டல் மெஸ்ஸில் புழு கிடந்ததற்குத் தட்டோடு பிரின்சிபால் அறைக்குப் போனவள் நான். வாயே வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அந்தக் கார் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் அந்தப் பெண்ணும் குட்டியும். நம்பர் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் வளைவில் திரும்பிவிட்டது.

பணம் அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது, தொடவில்லை. உன் மச்சினர் கால்நடைத் துறையில்தானே இருக்கிறார்? அந்த இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்ல யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுச் சொல். மற்ற மூன்று குட்டியாவது வெளியே போகாமல் இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டதால் என் புகார் செல்லாதா என்றும் கேள். நானே கேட்டதாகச் சொன்னாலும் பரவாயில்லை.

போன் பண்ணாதே. இவர் பக்கத்தில் இருப்பார். எழுது.

உன்,
செல்வி