வெள்ளிக்கிழமை பிற்பகல் மசோதா

அன்புள்ள ராஜாமணி,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இங்கே அனைவரும் நலம். பேத்தியின் படத்தைப் பார்த்தோம். மூக்கு உன்னுடையதுதான், பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாடாளுமன்ற உறுப்பினர் என்பவர், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் உத்தரவிடும் கொறடா சொன்னபடி கை தூக்குபவர் என்றும், அவரால் ஒரு சட்டத்தில் காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றும் எழுதியிருந்தாய். பாதி உண்மைதான். 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவரின் பதவியே பறிபோகலாம். விலைபோகும் உறுப்பினரைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், மனச்சாட்சிப்படி வாக்களிக்க நினைப்பவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டதில் எனக்கும் கோபம் உண்டு.

ஆனால், திருச்சிக்காரனான நீ, திமுக சார்பில் மாநிலங்களவைக்குப் போன திருச்சி சிவாவை மறக்கலாமா? அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பலர் ஊர் திரும்ப விமானம் ஏறிவிடும் நேரம் அது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநருக்கு உண்டு என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சிவா திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். திரும்பப் பெறுமாறு அரசு கேட்டுக்கொண்டும் அவர் இணங்கவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமையின் எடை புரியும்.

மக்களவையில் அது நிறைவேறவில்லை என்று நீ குறுக்கிடுவாய், தெரியும். ஆயினும் அரசு அதன்பின் வாளாவிருக்க முடியாமல் 2016-இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் திருநரை "முழுமையாக ஆணும் அல்லர், முழுமையாகப் பெண்ணும் அல்லர்" என்கிற பாணியில் வரையறுத்திருந்தார்கள்; பாலினச் சான்றுக்கு ஆய்வுக்குழு முன் நிற்கச் சொன்னார்கள்; பிச்சையெடுப்பது தொடர்பான தண்டனைப் பிரிவையும் சேர்த்தார்கள். இட ஒதுக்கீடும் தனி நீதிமன்றமும் கேட்ட சிவாவின் மசோதா அருகில் இருந்ததால், இதன் குறை எவருக்கும் பளிச்சென்று தெரிந்தது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் குறைகளை எடுத்துச் சொன்னது; திருநர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 2019-இல் வந்த சட்டத்தில் அந்த வரையறையும் ஆய்வுக்குழுவும் பிச்சைப் பிரிவும் இல்லை. காற்புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிய மாற்றம் இல்லையா?

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டுச் சிறை என்றிருக்க, திருநருக்கு எதிரான பாலியல் கொடுமைக்கு அந்தச் சட்டம் வைத்த அதிகபட்சம் இரண்டாண்டு. இட ஒதுக்கீடு குறித்து ஒரு சொல்லும் இல்லை. மசோதாவை ஆராய உறுப்பினர்களின் தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. கொறடாவைப் பற்றி நீ புலம்புகிறாய். கொறடா உத்தரவு எட்டாத இடம் இத்தகைய குழுக்களின் கூட்டம் என்பதைக் கவனித்தாயா? மூடிய கதவுக்குள், கட்சியை ஓரளவு மறந்து, வந்தவர்களின் வாதத்தைக் கேட்டு வரிவரியாகத் திருத்துகிறார்கள். பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. பதினேழாவதில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் போனது. உறுப்பினர் உண்மையிலேயே கை தூக்கும் பொம்மையாவது அப்படித்தான். அதற்கு உறுப்பினரைத் திட்டி என்ன பயன்?

உன் தொகுதி உறுப்பினர் திருமண வீட்டுக்கு வந்தால், சாலையைப் பற்றிக் கேட்பதோடு விட்டுவிடாமல், எந்தக் குழுவில் இருக்கிறார், கடைசியாக என்ன மசோதா கொடுத்தார் என்றும் கேட்டு எழுது. சண்முகத்தை அனுப்பிக் கேட்காதே. அவன் பதிலையும் தானே சொல்லிவிட்டு வருவான்.

அன்புடன்,
வைத்தி