மகளுக்கு, நாற்றுத்தட்டின் ஈரம் குறித்து

ஒட்டுசுட்டான்,
பங்குனி நடுப்பகுதி.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நாற்றுத்தட்டின் படமும், அதன் கீழே "அப்பா, ஒன்றும் முளைக்கவில்லை" என்ற ஒற்றை வரியும் கிடைத்தன. உடனே தொலைபேசியில் அழைத்தேன்; நீ வேலையில் நின்றிருப்பாய், பதில் வரவில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

விதையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மேல்மண் வெளிறிப்போய், ஓரங்களில் தட்டின் சுவரை விட்டு ஒரு நூலளவு விலகி நிற்பது தெரிந்தது. அப்படி மண் சுருங்கிய பிறகு மேலிருந்து எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், அது அந்த இடைவெளி வழியே அடிக்கு ஓடிவிடுமே தவிர, விதை கிடக்கும் கால் அங்குல மண்ணை நனைக்காது. கீழே தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டு, ஈரம் போதும் என்று நீ நினைத்திருப்பாய். உங்கள் நாட்டில் பையிலிட்டு விற்கும் நாற்று மண்ணில் பெரும்பகுதி பீற் என்னும் சதுப்புநில மக்கு. அது ஈரமாக இருக்கும்வரை நல்ல பிள்ளை. முற்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்க மறுக்கும். தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கும் தும்புச்சோறு அப்படியல்ல, காய்ந்த பிறகும் இலகுவாக நனையும். இலங்கையிலிருந்து கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதியாகும் அந்தத் தும்புச்சோற்றை உங்கள் பக்கத்துக் கடைகளிலும் வாங்கலாம். எங்கள் தேங்காய் மட்டையை ரொறன்ரோவில் காசு கொடுத்து வாங்கு என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. வாங்கினால், உப்புப் போகும்படி நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்து.

இப்போதைக்குத் தட்டைக் கொட்டிவிடாதே. அகலமான ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதற்குள் நாற்றுத்தட்டை வைத்து அரை மணித்தியாலம் அப்படியே விட்டுவிடு. அடித்துளைகளால் தண்ணீர் மெல்ல மேலேறி மேல்மண் முழுவதும் கறுத்த பிறகு, தட்டைத் தூக்கி மீதித் தண்ணீரை வடியவிடு. பங்குனியில் உங்கள் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிக்கு ஒரு படி முந்தியதாக இருக்கும். முதல் நாளே ஒரு போத்தலில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, குளிர் தணிந்து அறையின் வெப்பத்துக்கு வந்ததும் பயன்படுத்து. மேலிருந்து ஊற்றாதே. மேலே ஈரம் காட்டத்தான் வேண்டுமென்றால் தெளிப்பான் போத்தலால் புகைபோலத் தெளி.

நீ எப்போது விதை போட்டாய் என்று எழுதவில்லை. இப்போதெல்லாம் நீ எதையும் முழுதாக எழுதுவதில்லை. தக்காளியென்றால் ஒரு வாரத்தில் தலை காட்டும். மிளகாய்க்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தாலே 8 முதல் 14 நாள் பிடிக்கும். கத்தரிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். வெப்பம் 15 பாகைக்குக் கீழே போனால் மிளகாய் விதை அசையாமல் கிடக்கும். ஆகவே, உனக்கு முளைக்கவில்லை என்று தெரிவது இன்னும் நேரம் வராததாகவும் இருக்கலாம். விதை முதலில் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. அந்தக் கட்டத்தில் சற்றுக் காய்ந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தோலைப் பிளந்து வேர்நுனி வெளியே வந்த பிறகு ஒரு பகல் காய்ந்தாலும் போதும், அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டும் பயனில்லை. நீ கவனிக்க வேண்டிய காலம் அந்தச் சில நாட்கள்தான், ஆனால் அந்த நாட்களில் ஒரு நேரமும் தவறக்கூடாது.

படத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். தட்டு, செற்றிக்குப் பக்கத்தில், வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு நேரே தரையில் இருக்கிறது. செற்றியின் மேல் ஒரு தலையணையும், நீ இங்கிருந்து கொண்டுபோன நீலக்கரைப் போர்வையும் தெரிந்தன. அந்த இடம் தட்டுக்குப் பொருந்தாது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் காற்றின் சாரீரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே இறங்குவது வழமை. இங்கே மாரியில் 80 வீதத்துக்கு மேல் நிற்கும். போதாக்குறைக்கு அந்தக் காற்று நேரே மண்ணில் பட்டால், காலையில் நனைத்த மேல்மண் பின்னேரத்துக்குள் பொருக்காகிவிடும். மனிதருக்கும் அது நல்லதல்ல. தொண்டை வறண்டு நித்திரை குழம்பும். முன்பு வீடியோவில் காட்டினாயே, உங்கள் அறையில் கிழக்குப் பார்த்த யன்னல், அதன் கீழே ஒரு மேசை, அங்கே வைக்கலாம். இரவில் யன்னற் கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தால் குளிர் தாக்காது. அந்த அறையில் இப்போது வைக்க முடியாதென்றால் சமையலறையில், குளிர்சாதனப்பெட்டியின் மேற்புறத்தில் வை; அங்கே மெல்லிய சூடு இருக்கும், முளைக்கும்வரை வெளிச்சம் தேவையுமில்லை.

அம்மாவும் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தட்டை எங்கே வைத்தாலும் மூடி வை. ஒளி ஊடுபுகும் பொலித்தீன் தாளை மேலே இழுத்துக் கட்டினால், மண்ணிலிருந்து எழும் ஆவி தாளின் அடியில் துளிகளாகப் படிந்து மண்ணுக்கே திரும்பி விழும். பல நாட்களுக்குத் தண்ணீர் காட்டத் தேவையிராது. தாளின் உட்புறம் மெல்லிய பனிபோல மூடியிருந்தால் ஈரம் அளவாக உள்ளது. பெரிய துளிகள் ஓடி வடிந்தால் கூடிவிட்டது, ஒரு மணித்தியாலம் திறந்துவிட வேண்டும். ஒன்றுமே படியாமல் தெளிவாக இருந்தால் காய்கிறது, தாம்பாளத்தில் வைக்க வேண்டும். கண்ணை நம்பாவிட்டால் கையை நம்பு: நனைத்து வடியவிட்ட தட்டை ஒரு தடவை தூக்கி அதன் பாரத்தை மனதில் வைத்துக்கொள். பிறகு தினமும் தூக்கிப் பார்த்தாலே, எப்போது தண்ணீர் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். உனக்கு இரவுக் கடமை வரும் நாட்களில் மருமகனிடம் சொல். ஒரு தட்டைத் தூக்கிப் பார்ப்பது பெரிய வேலையல்ல. அவருக்கு நேரமில்லாவிட்டால், தாள் மூடியிருக்கும்வரை யாரும் பார்க்காமலும் ஒன்றரை நாள் தாங்கும்.

இங்கே நாற்றுமேடையில் நாங்கள் செய்வதும் இதுதான். ஒரு மீற்றர் அகலத்தில் 15 சென்ரிமீற்றர் உயர்த்திய மேடையின் மேல் வைக்கோலையும் உமியையும் அடுக்கடுக்காகப் பரப்பி எரித்து, மண்ணிலுள்ள பூஞ்சணத்தை அடக்கி, ஆறிய பிறகு வரிசையாக விதையிட்டு, மீண்டும் வைக்கோலால் மூடி, காலையும் மாலையும் அந்த வைக்கோலின் மேல் பூவாளியால் தண்ணீர் தெளிப்போம். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட்டுக் கிடுகுப் பந்தல் போடுவோம். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்துச் சாக்கில் கட்டி, இரண்டு நாள் மூடி வைத்து முளைகட்டும்போதும், சாக்கு காயாமல் இடையிடையே தெளிப்பதுதான் வேலை. நான் விவசாயப் போதனாசிரியராக முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கமெல்லாம் சைக்கிளில் போய்ச் சொன்னதில் பாதி இதுவாகத்தான் இருக்கும், நீ சைக்கிள் பாரில் இருந்து கேட்டுக்கொண்டு வந்தாய். உனக்குப் புதிதாக நான் எதையும் சொல்லவில்லை.

உண்மையில் நீதான் எனக்குக் காட்டித் தந்தாய். 2009-இல் செட்டிகுளத்து முகாமில், தண்ணீர்த் தாங்கியின் முன் வாளியை வைத்துவிட்டு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தபோது, அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த கீரை விதையை நீ மணலோடு கலந்து, பாதியாக வெட்டிய எண்ணெய்க் கானில் தூவினாய். முகம் கழுவிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வந்து, மேலே போட்டிருந்த சாக்குத் துண்டை நனைப்பாய். மண்ணில் ஊற்றமாட்டாய், துண்டைத்தான் நனைப்பாய். கூடாரத்துக்குள் வெயில் காய்ச்சிய அந்த வெக்கையிலும் அந்தத் துண்டை நீ காயவிட்டதில்லை. பக்கத்துக் கூடாரத்து ஆச்சி, இந்தப் பிள்ளை எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னதை அம்மா இன்றும் வருபவர் போபவர்க்கெல்லாம் சொல்வார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் பிள்ளை ஒரு சிறு தட்டைக் காயவிட்டிருக்கிறது என்றால், எனக்குத் தட்டைப் பற்றி மட்டும் யோசனை வரவில்லை என்பதை நீ விளங்கிக்கொள்வாய். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

பாதிக்கு மேல் முளைத்ததும் தாளை எடுத்துவிடு. முளைக்கும்வரை துணையாக இருக்கும் அந்த மூடிய ஈரமே, முளைத்த பிறகு நாற்றழுகலைக் கொண்டுவரும். முதல் நாள் நேராக நின்ற நாற்று, மறுநாள் தரையோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடக்கும். அது வந்தால் மருந்து தேடாதே, சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி எறி. அதன்பிறகு மேல்மண் சற்று வெளிறவிட்டு, அதன் பின்னரே தாம்பாளத்தில் வை. கதவைத் திறந்து காற்று விடு, தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்து. அப்போதும் மேலிருந்து ஊற்றாதே. தாளை எடுப்பதற்கு மட்டும் நாள் தள்ளாதே. கடமை முடிந்து வந்து களைப்பில் படுத்துவிடுவாய், தெரியும். சப்பாத்தைக் கழற்றும்போதே ஒரு தடவை எட்டிப் பார்.

மூடிவைத்த பழைய தட்டில் ஒன்றுமே வராவிட்டால் கவலைப்படாதே. உங்கள் ஊரில் மே மாதக் கடைசியில்தான் நாற்றை வெளியே நடலாம். அதற்கு எட்டு வாரத்துக்கு முன் விதையிட்டால் போதும் என்பதால், இந்த மாதக் கடைசிவரை உனக்குக் காலம் இருக்கிறது. புதிய விதையை ஓர் இரவு இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள பெட்டியில் வை. வேர்நுனி வெள்ளையாகத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி ஈரமண்ணில் வைத்தால், எது உயிருள்ளது என்ற சந்தேகமே இராது. பாகலும் புடோலும் போடுவதாக இருந்தால் அவற்றின் ஓடு தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தைச் சிறிது நறுக்கிவிட்டு ஊறவை, உள்ளே பருப்பில் படக்கூடாது.

காலபோக நெல் வெட்டி முடிந்தது. விலை வழமைபோலத்தான். இந்த மாதம் எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம், கையில் இருக்கிறது. நீ வைத்துக்கொள், உனக்குத் தேவைப்படலாம். தேவையில்லாவிட்டாலும் உன் பெயரிலேயே இருக்கட்டும்.

உன் படம் வந்தபோது உங்கள் ஊரில் இரவு 2 மணி கடந்திருந்தது. அந்த நேரத்தில் தட்டைப் பார்க்காதே என்று சொல்லமாட்டேன். அப்போது இங்கே பகல் 11.30, வெயிலுக்கு நான் காணியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவேன், அம்மாவும் உலை வைத்துவிட்டு முன் விறாந்தையில் இருப்பார். தட்டைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டுமல்லவா, அந்த நேரத்துக்கு எங்களை அழை.

அன்புடன்,
அப்பா