ஒன்றிய ஆசிரியர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2021 – மார்ச் 2022)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருட அறிக்கையை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். இந்த முறை உங்கள் முகம் பார்த்து வாசிக்கிறேன்.

ஆண்டு பிறந்ததே கொரோனா இரண்டாம் அலையோடு. ஏப்ரல் 6 தேர்தல் பணிக்குப் போய் வந்தவர்களில் பலர் காய்ச்சலில் படுத்தோம். இருவர் எழவில்லை. அவர்களுக்கு முதலில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

அப்புறம், செல்போன் விஷயம். பள்ளி மூடியிருந்ததால், வீட்டிலிருந்தே படிக்கப் பிள்ளைகளுக்காகப் பழைய போன்களைச் சேகரித்தோம். பாதிப் போன்களில் சார்ஜ் நிற்கவில்லை. யோசனை என்னுடையது, தப்பும் என்னுடையதுதான். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும் நேரம் கரண்ட் போய்விடுகிறது. கடைசியில் கைகொடுத்தது சத்துணவு அரிசிதான். அரிசி, பருப்பு வாங்க வந்த அம்மாக்களிடம் பயிற்சித்தாளைக் கொடுத்தனுப்பி, அடுத்த முறை திருத்தி வாங்கினோம். கோயில் மண்டபத்திலும் வேப்பமரத்தடியிலும் பாடம் நடத்தினோம். 2020-லேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரை வகுப்புகள் திறந்தன. 19 மாத இடைவெளி. என் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராக ஒன்றாம் வகுப்பு அறைக்குப் போய், பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டான். "உன் வகுப்பு அங்கேடா" என்றேன். "இதுதான் சார் என் வகுப்பு" என்றான். பெயரை எழுதச் சொன்னால் முதல் எழுத்தோடு நின்றது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. பிள்ளை அவ்வளவு வளர்ந்திருந்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தையே அன்றுதான் பார்த்தார்கள்.

தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க அரசு அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பற்றி நம்மில் சிலர் முகம் சுளித்தோம், நானும்தான். மாதம் 1,000 ரூபாய்க்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் நம் வேலையைச் செய்வாளா என்று கேட்டோம். எங்கள் ஊரில் அந்தப் பெண் மாலையில் திண்ணையில் கதையும் பாட்டுமாய்ப் பிள்ளைகளை உட்கார வைத்ததைப் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். எழுத்து மறந்த பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தால் என்ன?

செயற்குழு நான்கு முறை கூடியது, அதில் இரண்டு போனில். சரி, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். போன் பழுதுபார்த்த ரசீது ஒன்று மட்டும் என்னிடம் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் தந்துவிடுகிறேன்.

செயலாளர்