மலைத்தேன் ஏன் நீர்த்திருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி மலைத்தேனும் குங்கிலியமும் சீயக்காயும் வாங்கிப் போகிற உங்களுக்கு இப்படியொரு மடல் எழுத நேர்ந்ததில் எங்களுக்கு வருத்தமே. எங்கள் தேன்புட்டி ஒன்று மூடியைத் திறந்ததும் நுரைத்து வழிகிற காணொளி, "ஆதிவாசித் தேன் என்று சொல்லிச் சர்க்கரைப் பாகு விற்கிறார்கள்" என்ற வரியோடு, ஆனி மாதத்திலிருந்து பொள்ளாச்சி, கொல்லங்கோடு, பாலக்காட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. அதை மற்றவர்களுக்குத் தள்ளிவிடாமல் எங்களுக்கே அனுப்பி, உண்மை என்னவென்று கேட்ட அத்தனை பேருக்கும் முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

காணொளியில் இருப்பது எங்கள் புட்டிதான். அதில் இருந்ததும் கலப்படமில்லாத தேன்தான்.

மலைத்தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. பாறை முகட்டிலோ சீனி என்னும் உயரமான காட்டு மரத்தின் கிளையிலோ ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிட்டு வாழ்கிற இனம் அது. பூவிலிருந்து கொண்டுவரும் மதுவில் பெரும்பகுதி நீர்தான். தேனீக்கள் இறகை விசிறி விசிறி அந்த நீரை வற்றச் செய்கின்றன. எங்களுக்குத் தேன் வருகிற பறம்பிக்குளம் போன்ற மழைக்காட்டில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஓரளவுக்கு மேல் அது வற்றுவதில்லை. அடையிலிருந்து பிழிந்தெடுக்கும்போதே 22, 24 விழுக்காடு நீர் இருப்பது இங்கே வழக்கம். உணவுப் பாதுகாப்பு விதியோ 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்கிறது. ஆகையால் அகன்ற தட்டுகளில் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிற அறையில், அடுப்பில் ஏற்றாமல் வைத்திருந்து, கருவியால் அளந்து பார்த்த பிறகே புட்டியில் அடைக்கிறோம். ஆனால் தேன் காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. மழைக்காலத்தில் மூடி தளர்ந்திருந்தாலோ ஈரக் கரண்டி பட்டாலோ, அதில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் உண்டாகும் வாயுதான் நுரையாகப் பொங்குகிறது.

கடைகளில் வருடம் முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே கெட்டியில் கிடைக்கும் தேன் பெரும்பாலும் ஆலையில் சூடேற்றி நீர் வற்ற வைத்தது. கெட்டியாக இருப்பதே தூய்மைக்கு அடையாளம் என்று நாம் நினைத்துக்கொண்டதில்தான் சிக்கல் எழுகிறது. தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதும், தீக்குச்சியில் தடவிக் கொளுத்திப் பார்ப்பதும், எறும்பு வருகிறதா என்று காத்திருப்பதும் எதையும் நிரூபிப்பதில்லை. கெட்டிப் பாகும் தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கும், ஈரமுள்ள நல்ல தேன் எரியாது. 2020ஆம் ஆண்டு டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நாட்டில் 13 வணிகப் பெயர்களில் விற்கும் தேனைச் சோதித்தபோது, வழக்கமான ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றும் பாகுகள் சந்தையில் இருப்பது வெளிப்பட்டது. அப்படியிருக்க, வீட்டுச் சமையலறைச் சோதனையை நம்பி ஒரு மனிதரைத் திருடர் என்று சொல்லிவிடலாமா?

ஏனென்றால் அந்தச் சொல் எங்கள் கடையோடு நின்றுவிடவில்லை. அந்தத் தேனை இறக்கியவர்கள் பறம்பிக்குளம் காட்டில் வாழும் பழங்குடிகளான காடர்களும் மலசர்களும். சித்திரையில் எந்த மரத்தில் அடை கட்டியிருக்கிறது என்று ஊர்த் தலைவரான மூப்பன் பார்த்து வைத்துக்கொள்வார். நிலவில்லாத இரவில், மரத்தில் மூங்கில் ஆப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக்கொண்டே ஏறி, பச்சிலைப் பந்தத்தின் புகையில் தேனீக்களை விலக்கி, கிளையை ஒட்டித் தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள். புழுக்கள் இருக்கும் கீழ்ப்பகுதியைத் தொடமாட்டார்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்துக்குத் தேனீ வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

பறம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமானது. அதற்குள் வாழ்பவர்களுக்கு நிலத்தை விரித்துப் பயிரிடவோ ஆடுமாடு பெருக்கவோ வழியில்லை. காட்டை அழிக்காமல் கிடைக்கும் வருமானங்களில் தேன், மெழுகு, குங்கிலியம் போன்றவை முக்கியமானவை. இவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. திருச்சூர் மாவட்டத்து வாழச்சாலில் காடர் ஊர்கள், காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் பேணவும் வழிசெய்யும் சமூக வன உரிமையை 2014இல் பெற்றன. ஒருகாலத்தில் இருவாச்சிப் பறவையின் குஞ்சுகளை எடுத்தவர்களே இன்று அவற்றின் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். காடர்கள் கேரளத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் இருக்கிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலோ அதே மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. உரிமையைச் சட்டம் தரலாம், வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! அந்த ஆட்களாக இத்தனை காலம் நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

பறம்பிக்குளம் எங்கள் முதலமடை ஊராட்சியிலேயே இருந்தாலும், சரக்கு வண்டி தமிழ்நாட்டுக்குள் போய்ச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் ஏற வேண்டும். இருட்டுவதற்குள் இறங்கிவிடவும் வேண்டும். டீசல் செலவு, கண்ணாடிப் புட்டியின் விலை, இரண்டாவதாக வாங்கியிருக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கான மின்கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஊர்க்குழுக்களுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டோம். எனவே 500 கிராம் புட்டி இனி 400 கிராமாக வரும். விலை பழைய விலையே.

இந்தப் பருவத்திலிருந்து ஒவ்வொரு புட்டியிலும் தேன் எடுத்த மாதமும் ஊரும் அளந்த ஈரத்தின் அளவும் எழுதியிருக்கும். மூடியை இறுக்கி வையுங்கள், உலர்ந்த கரண்டியையே போடுங்கள். நுரை கண்டால் மூடியைச் சற்றுத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடுங்கள். புளித்த வாடை வந்தால் மட்டும் புட்டியோடு கடைக்கு வாருங்கள், மாற்றித் தருகிறோம். காணொளி எடுத்த நண்பருக்கும் இதே ஏற்பாடுதான். அவர் வந்தால் அளக்கும் கருவியை அவர் கையிலேயே கொடுக்கிறோம்.

ஆவணிக்குப் பிறகு சரக்கு தீர்ந்துவிட்டால் அடுத்த சித்திரை வரை தேன் இல்லையென்றே சொல்லுவோம், வெளியிலிருந்து வாங்கி நிரப்பமாட்டோம். வழக்கம்போலக் காலிப் புட்டியைக் கழுவிக் கொண்டுவருபவர்களுக்குப் பத்து ரூபாய் கழித்துக் கொடுக்கப்படும்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்,
கோவிந்தாபுரம்.