வெப்பம் சரி, சாம்பல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹைட்ரஜனும் கார்பனும் சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கரு வினை புரிந்து ஆற்றல் தரும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து, இங்கே கும்பகோணம் பக்கம் நண்பர்களுக்குள் ஒரே வாக்குவாதம். அதற்குக் காரணம் இருக்கிறது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டம் என்றாலே டெல்டாக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். நெடுவாசலையும் கதிராமங்கலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. இப்படிப்பட்ட ஊரில், நிலத்தைத் தோண்டவே வேண்டாம், கொஞ்சம் கரியும் கொஞ்சம் ஹைட்ரஜனும் போதும் என்று எழுதினால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் ஆசைதான். அதனாலேயே கட்டுரையாளர் விட்டுவிட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்பனும் ஹைட்ரஜனும் இணைவது கற்பனை இல்லை. நட்சத்திரங்களுக்குள் நடப்பதுதான், இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே 1939இலேயே படிப்படியாக எழுதிக் காட்டிவிட்டார். கார்பன்-12 (பக்கத்து எண் அணுக்கருவின் நிறையைக் குறிக்கும்) ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜனின் அணுக்கருவை, வாங்கிக்கொண்டு நைட்ரஜன்-13 ஆகும், கூடவே காமா கதிர் வரும். அந்த நைட்ரஜன், சுமார் பத்து நிமிட அரை ஆயுளில் (பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து), பாசிட்ரானை, அதாவது நேர்மின் கொண்ட எலெக்ட்ரானை, வெளியே விட்டு கார்பன்-13 ஆகும். ஒன்றரைக் கோடி டிகிரி கொதிக்கும் சூரியனின் நடுவிலேயே இந்த வழியில் கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் ஒரு சதவீதம் அளவுதான்.

இதுவே மேசைமேல் வைத்த கருவிக்குள் நடக்கிறது என்று ஒருவர் சொன்னால், உடனே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் படியில் ஒரு வினைக்குக் கிடைப்பது சுமார் 1.94 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு; மெகா என்றால் பத்து லட்சம்). ஒரே ஒரு வாட் வெப்பம் வேண்டுமென்றால் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கோடி வினைகள் நடக்க வேண்டும். அத்தனை பாசிட்ரான்களும் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் இரண்டிரண்டாகக் கிளம்பும். பெரிய மருத்துவமனைகளில் பெட் ஸ்கேன் எடுப்பது இந்தக் கதிரை வைத்துத்தான், ஆனால் நோயாளிக்கு ஏற்றும் மருந்தைப்போலப் பல ஆயிரம் மடங்கு இந்தக் கருவியில் இருக்கும். மணிக்கணக்கில் பக்கத்தில் நின்றால் உயிருக்கே ஆபத்து. விறகு எரிந்தால் சாம்பல் இருக்க வேண்டும் அல்லவா, கட்டுரையில் வெப்பம் பற்றி நாலு பத்தி இருக்கிறது, இந்தக் கதிர்ச் சாம்பலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1989இல் ஃபிளைஷ்மனும் பான்ஸும் அமெரிக்காவின் யூட்டாவில் குளிர் இணைவை (அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைவதை) அறிவித்தபோது எழுந்த கேள்வியும் இதேதான்: இவ்வளவு வெப்பம் வந்தால், கூடவே வர வேண்டிய நியூட்ரான்கள் எங்கே?

புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரான் ஆகிறது, அதைக் கார்பன் விழுங்குகிறது, காமா கதிரைக் கனமான எலெக்ட்ரான்கள் உறிஞ்சிவிடுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. சரி, ஒரு நியூட்ரான் உண்டாக 0.78 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வெளியிலிருந்து வேண்டும், வேதிவினைகளில் புழங்குவதோ சில எலெக்ட்ரான் வோல்ட்தான். அப்புறம், காமாவை அப்படி உறிஞ்சும் பொருள் நிஜமாகவே இருந்தால், வெளியிலிருந்து ஒரு காமா கதிரை அதன்மேல் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுமே.

கட்டுரையாளர் பெரிதாகப் பேசும் கரிக்கம்பி சோதனைக்கு வருகிறேன். தண்ணீருக்குள் இரண்டு கார்பன் கம்பிகளுக்கு இடையே மின்பொறி விட்டால் இரும்பு கிடைக்கிறது என்று 1994இல் டெக்சாஸில் சுந்தரேசனும் பாக்ரிஸும் எழுதியது உண்மை, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அதைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் தந்த விளக்கப்படி இரண்டு கார்பன்-12, இரண்டு ஆக்சிஜன்-18, நாலும் கூடி இரும்பு-56 ஆகவும் ஹீலியமாகவும் மாற வேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஐந்நூறு ஆக்சிஜன் அணுவுக்கு ஒன்றுதான் ஆக்சிஜன்-18. அப்படியானால் அதைச் செறிவாக்கிய தண்ணீரில் செய்தால் இரும்பு எகிற வேண்டும், இயற்கை இரும்பில் 92 சதவீதமாக இருக்கும் இரும்பு-56இன் விகிதமும் மாற வேண்டும். இரும்பு எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள், கிராஃபைட்டிலேயே இருக்கும். இந்த இரண்டையும் கேட்காமல் 'இரும்பு கிடைத்தது' என்று மட்டும் அச்சிடுவது நியாயமில்லை.

'ராமானுஜனையும்தான் முதலில் ஒதுக்கினார்கள்' என்று ஒரு வாதம், எங்கள் ஊர்க்காரர் என்பதால் இங்கே அதைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறார்கள். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். 1913இல் அவர் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்கு அனுப்பியது யாரும் உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய சூத்திரங்கள். ஹார்டியும் அவர் சகாவான லிட்டில்வுட்டும் அதைத்தான் செய்தார்கள். அந்த வாய்ப்பைத் தராத கொள்கைக்கு அவர் பெயரை இழுக்கக் கூடாது.

இந்தத் துறையை மூடிவிடச் சொல்லவில்லை. 2011இல் குளிர் இணைவுக்கான சர்வதேச மாநாடு சென்னையிலேயே நடந்தது. கூகுள் பணம் கொடுத்து நடத்திய ஆய்வு, குளிர் இணைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் வெளிப்படையாகவே எழுதியது. அப்படிப்பட்ட நேர்மையான வேலை இன்னும் நடக்கட்டும். எம்.எஸ்சி. இயற்பியல் நடத்தும் பல கல்லூரிகளில் சோடியம் அயோடைடு காமா நிறமாலைமானி, அதாவது காமா கதிர்களின் ஆற்றலைப் பிரித்துக் காட்டும் கருவி, உண்டு. கட்டுரையாளரின் கருவியை நிறுத்திய உடனே 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு தெரிகிறதா, பத்து நிமிடத்தில் அது பாதியாகிறதா என்று பார்க்க அது போதும். அடுத்த பகுதியை வெளியிடும் முன், தன் கருவியை இப்படி ஒரு கல்லூரியில் வைத்துக் காட்டச் சம்மதமா என்று கட்டுரையாளரைக் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலையும் கட்டுரையோடு சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்