மோட்டாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் காரைப் பார்த்துக்கொள்வது பற்றி நம் பத்திரிகையில் சென்ற வாரம் வந்ததைப் படித்தேன். வைப்பர், டயர், பிரேக் எல்லாம் சரி, சுவிட்சை அமுக்கினால் மோட்டாரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, அதாவது பவர் விண்டோ பற்றி ஒரு வரிகூட இல்லையே!

மியான்மரில் நாம் 1970-லேயே சாலையின் வலப்பக்கம் போக ஆரம்பித்துவிட்டோம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் டோல்கேட்டில் காசு நீட்டவும் சிக்னலில் பூச்சரம் வாங்கவும் இடப்பக்கக் கண்ணாடியைத்தான் இறக்க வேண்டும். அது நின்றுபோனால் மெக்கானிக் கடையில் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு" என்கிறார்கள். பழைய மோட்டார் ஒன்றை மாட்டுவார்கள், கண்ணாடி அப்பவும் அசையாது.

கண்ணாடி ஏறுகிறது, இறங்கவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. அதே இரண்டு வயரில் பிளஸ்ஸும் எர்த்தும் (பாடியோடு சேரும் மைனஸ்) இடம் மாறினால்தான் மோட்டார் திரும்பிச் சுற்றும், எனவே கோளாறு சுவிட்ச் பக்கம். இடக்கதவு சுவிட்சுக்கான எர்த்தும் பல வண்டிகளில் டிரைவர் கதவில் இருக்கும் மெயின் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. மழைத்தண்ணீர் இறங்கி அங்கே பித்தளைத் தகடு பச்சை பூத்துவிட்டால் இடக்கதவைப் பிரித்து என்ன பயன்? அதற்கும் முன்னால், மெயின் சுவிட்சில் இருக்கும் கண்ணாடி லாக் பட்டனை யாராவது அமுக்கிவிட்டார்களா என்று பாருங்கள், பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதி நாள் அதுதான் காரணம். நான்கு கண்ணாடியும் சேர்ந்து செத்தால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பாருங்கள்.

கண்ணாடி மேலேயும் கீழேயும் அசையாவிட்டால் மோட்டார் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் (கரண்ட் வந்தால் எரியும் சிறு விளக்கு) வைத்து சுவிட்சை மேலும் கீழும் அமுக்கச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் பளிச்சென்று எரிந்தால் மோட்டாரோ கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரோதான். எரியாவிட்டாலும் மங்கினாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், கதவு திறந்து மூடியே உள்ளே வயர் அறுந்திருக்கலாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள், லாம்ப் கரண்ட் இழுப்பதால் பொய் சொல்லாது.

அப்புறம், பாட்டரியைக் கழற்றி மாட்டியபின் டிரைவர் கண்ணாடி மட்டும் ஒரே அமுக்கில் தானாக முழுக்க ஏறவில்லையா? பல வண்டிகளில் முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி அப்படியே பிடித்தால் சரியாகிவிடும். இதற்கு யாராவது கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், யாங்கோன்